வாத்தியார் வண்டி

வாத்தியார் வண்டி, வாத்தியார் வண்டி என்று ஞானதுரை அண்ணாச்சி இதோடு நாலு தடவை சொல்லிவிட்டார். நாலு தடவையும் சண்முகக்கனியின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, அவள் கூட்டிக்கொண்டு வந்திருந்த மெக்கானிக் பால்பாண்டியின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். வாங்கப் போகிறவள் அவள். ஓட்டப் போகிறவளும் அவள். லைசென்ஸ் எடுத்து இரண்டு மாதம் ஆகிறது. ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள், அது அந்த மனுசனின் கண்ணுக்கு மார்க்கெட்டில் வாங்கிய பூசணிக்காய் மாதிரி தெரிந்ததோ என்னவோ. கோவில்பட்டி எட்டயபுரம் ரோட்டில் பழைய வண்டிகளை வாங்கி விற்கிற கடை அது. தகரக் கொட்டகைக்குக் கீழே முப்பது வண்டிகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன, எல்லா டயரிலும் கறுப்புப் பாலிஷ், எல்லா டேங்கிலும் துடைத்த பளபளப்பு. "கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம் மாப்ள. வாத்தியார் வண்டி. வீட்டை விட்டா ஸ்கூலு, ஸ்கூலை விட்டா வீடு. நாப்பதைத் தாண்டுனதே இல்ல" என்று அண்ணாச்சி சொல்ல, பால்பாண்டி தலையை ஆட்டினான். இந்த ஜில்லாவில் விலைக்கு வருகிற வண்டியெல்லாம் வாத்தியார் வண்டி என்றால், வாத்தியார்கள் பாடம் எப்போது நடத்துகிறார்கள், வண்டி வாங்குவதும் விற்பதுமாகவே திரிகிறார்களா என்று அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. பால்பாண்டி சாவியை வாங்கிக்கொண்டு, "ஒரு ரவுண்டு பாத்துட்டு வந்துர்றேன் மதினி" என்று கிளம்பிப் போனான். அண்ணாச்சி மேஜைக்குள்ளிருந்து வண்டியின் சர்வீஸ் புக்கை எடுத்து அவள் கையில் கொடுத்தார், அழுகிற பிள்ளைக்குப் படம் போட்ட புத்தகம் கொடுக்கிற மாதிரி. "எல்லாம் இதுல இருக்கு தாயி, படிச்சுக்கிட்டிரு" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

படித்துக்கொண்டிரு. படிக்கிறேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிக்கிறேன், நீர் போனில் பேசும். பிளாஸ்டிக் நாற்காலியின் ஒரு கால் கல்லில் ஏறி ஆடியது, அவள் அதைச் சரி செய்யவில்லை. ஆடட்டும். பதினொன்றரை மணி வெயில் தகரத்தின் வழியாக உச்சந்தலையில் இறங்கியது. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மிட்டாய்க் கம்பெனி வாசலில் வண்டியோடு நிற்க வேண்டும், இல்லையென்றால் கழுகுமலை லைன் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று முதலாளி சொல்லிவிட்டார். லைன் என்றால் கம்பெனியிலிருந்து கடலை மிட்டாய்ப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வழியில் இருக்கிற பெட்டிக்கடைகளுக்கும் டீக்கடைகளுக்கும் போட்டுவிட்டு வருவது. பதினான்கு வருசம் அவள் வீட்டுக்காரன் அய்யாத்துரை பார்த்த லைன் அது. இரண்டு வருசமாக முதலாளி ஏதோ மனுசத்தன்மையில் அதற்குத் தற்காலிக ஆளை வைத்து ஓட்டினார், இனி முடியாது என்கிறார், அவரையும் குறை சொல்ல முடியாது. ஸ்கூட்டி வாங்கேன் என்கிறார்கள் எல்லோரும், பொம்பளைக்கு ஸ்கூட்டிதான் வசதி என்கிறார்கள். இரண்டு பக்கமும் இரண்டு சாக்கு, பின்னால் மூன்று பெட்டி, அதையெல்லாம் ஸ்கூட்டியில் யார் தலையில் கட்டுவது? அதனால்தான் கியர் வண்டி, அதனால்தான் விடிகாலையில் காலேஜ் மைதானத்தில் இரண்டு மாதம் விழுந்து எழுந்து முழங்கால் தேய்த்துக்கொண்டது, வாக்கிங் போகிற பெருந்தனக்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்தது. அதெல்லாம் போகட்டும். முக்கியம் என்னவென்றால், காலையில் போகிறவள் சாயங்காலம் முழுசாக வீடு திரும்ப வேண்டும். வீட்டில் ஏற்கெனவே ஒருவர் முழுசாக இல்லை. ப்ளஸ் ஒன் படிக்கிற பிள்ளை ஒன்று இருக்கிறது. இரண்டாவது ஆளும் விழுந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. இந்தச் சின்ன விசயம் அண்ணாச்சிக்கும் புரியவில்லை, பால்பாண்டிக்கும் புரியவில்லை.

அய்யாத்துரையின் வண்டியும் வாத்தியார் வண்டிதான். அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. சாத்தூரிலிருந்து வாங்கி வந்த அன்றைக்கு வாசலில் நிறுத்திவிட்டு, "வாத்தியார் வண்டி கனி, பொத்திப் பொத்தி வச்சிருந்திருக்காரு மனுசன்" என்றான். அவளும் பெருமைப்பட்டாள், எலுமிச்சம்பழம் வைத்து டயரை ஏற்றச் சொன்னாள், பழம் நசுங்கியதும் எல்லாக் கண்ணும் போயிற்று என்று நினைத்தாள். கண்ணாவது மண்ணாவது. ரோட்டில் போகிற வண்டியை நிறுத்துவது எலுமிச்சம்பழமா, பிரேக்கா? அந்த வாத்தியார் என்ன பாடம் எடுத்தார் என்றுகூட அவன் கேட்கவில்லை. அவள் கேட்டாள், இன்றைக்குக் கேட்டாள், உள்ளே வந்ததும் முதல் கேள்வியாகவே கேட்டாள். "எந்த ஸ்கூல் அண்ணாச்சி?" அண்ணாச்சி ஒரு நொடி மேலே தகரத்தைப் பார்த்துவிட்டு, "விளாத்திகுளம் பக்கம்" என்றார். பக்கம்! ஸ்கூல் எங்கேயாவது பக்கத்தில் இருக்குமா, ஊருக்குள் இருக்குமா? ஒரே கை வண்டி, வேறு கை படவில்லை என்று சத்தியம் செய்தார். அவள் போனில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தாள், இரண்டாவது ஓனர் என்று காட்டியது. போனை நீட்டினாள். அதற்கும் அண்ணாச்சி அசரவில்லை. "அது வாத்தியார் தன் சம்சாரம் பேருக்கு மாத்திக் குடுத்தது. புருசன் பொஞ்சாதி ரெண்டு கையும் ஒரே கைதான" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார், அதையும் பால்பாண்டியைப் பார்த்தே. பால்பாண்டியும் சிரித்தான். அவனை எதற்குக் கூட்டிக்கொண்டு வந்தாள்? அவள் கூட்டிக்கொண்டு வரவில்லை. அய்யாத்துரைதான் அனுப்பி வைத்தான். "பாண்டியைக் கூட்டிட்டுப் போ, நல்ல பையன், வண்டி தெரிஞ்ச பையன்" என்று கட்டிலில் உட்கார்ந்தபடி சொன்னான். நல்ல பையன். நாற்பது வயசுக் கழுதை நல்ல பையன். அவள் அப்போது பதில் பேசவில்லை, தோசைக் கரண்டியைச் சட்டியில் ஓங்கிப் போட்டாள், அதுதான் பதில். இரண்டு வருசமாக அந்த வீட்டில் பாத்திரங்கள்தான் பேசுகின்றன.

புக்கைப் பிரித்தாள். முதல் மூன்று பக்கம் கம்பெனி சர்வீஸ், நீல நிற சீல், இங்கிலீஷில் கையெழுத்து. அது நிசமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதற்குப் பிறகு வெளியே பார்த்த சர்வீஸ்கள். ஏதோ ஒரு ஒர்க்ஷாப்பின் சீல், மை பரவி ஊர்ப் பெயர் மட்டும் தெரியாமல் போயிருந்தது. எழுத்து எல்லாம் தமிழில். ஆயில் மாற்றம். செயின் டைட். ஏர் பில்டர் சுத்தம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதி, ஓடிய கிலோமீட்டர். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, தப்பாமல், கரண்டு பில் வருகிற மாதிரி. நாலு வருசச் சர்வீஸும் ஒரே பேனாவில் இருந்தது. ஒரே மை, ஒரே அழுத்தம், ஒரே சாய்வு. வாத்தியார்தான் ஒரே கை என்று நினைத்தால் பேனாவும் ஒரே கைதான் போலிருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன்கூடக் கொஞ்சம் கூடுதலாகச் சோறு போடுவான், இவர்கள் வெறும் தட்டில் வைத்து நீட்டுகிறார்கள். பொம்பளைதானே, என்னத்தைப் பார்க்கப் போகிறாள் என்ற தைரியம். அவள் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். மிட்டாய்க் கம்பெனியில் பேக்கிங் செக்சனில் எட்டு வருசம் தேதி முத்திரை குத்தியவள் அவள், தேதி என்றால் கண் தானாக நிற்கும். ஜனவரி பன்னிரண்டு. ஏப்ரல் எட்டு. ஜூலை பத்தொன்பது. அப்புறம், அக்டோபர் இருபத்து மூன்று.

23-10-2023. விரல் அங்கேயே நின்றுவிட்டது. அந்த வருசத்து அக்டோபர் மாதத்தில் அவளுக்குத் தெரியாத தேதி கிடையாது, அதிலும் இந்தத் தேதியை ஆஸ்பத்திரிச் சீட்டிலும் போலீஸ் காகிதத்திலும் இன்சூரன்ஸ் ஆபீசிலும் எத்தனை தடவை எழுதிக் கொடுத்திருப்பாள். திங்கட்கிழமை. ஆயுத பூஜை. அட திருட்டுப் பயல்களா, ஆயுத பூஜை அன்றைக்கு எந்த ஊரில் எந்த மெக்கானிக் ஸ்பானரைத் தொட்டான்? ஸ்பானரும் திருப்புளியும் கட்டிங் பிளேயரும் வாழை இலையில் வரிசையாகப் படுத்துக்கொண்டு, சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு, பொரிகடலைக்கு நடுவே சாமியாகிவிடுகிற நாள் அது. அன்றைக்கு ஆயுதத்தைத் தொட்டால் வருசம் பூராவும் தொழில் விளங்காது என்று ஒருத்தன் தொட மாட்டான். அவளுக்குத் தெரியாதா? அவளுக்குத் தெரிந்த மாதிரி இந்த உலகத்தில் யாருக்குத் தெரியும்?

அன்றைக்குக் காலை அய்யாத்துரை முன் பிரேக் லூசாக இருக்கிறது, கைப்பிடி உள்ளே வரை போகிறது என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு பால்பாண்டியின் பட்டறைக்குப் போனான். ஐந்து நிமிச வேலை. ஒரு கேபிளை உருவிவிட்டு இன்னொரு கேபிளை மாட்டுகிற வேலை. பால்பாண்டி குளித்துப் பட்டை அடித்து வேட்டி கட்டி நின்றானாம். "அண்ணே, இன்னைக்கு ஆயுதம் பூசையில இருக்கு, தொடக் கூடாது. நாளைக்குக் காலைல முத வேலையா உங்க வண்டிதான்" என்றானாம். சொல்லிவிட்டு, நாளைக்கு வாங்கி வரவேண்டிய சாமானை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தானாம், பொரிப் பொட்டலம் ஒன்றும் கொடுத்தானாம். பேனா மட்டும் ஆயுதம் இல்லை போலிருக்கிறது. அய்யாத்துரை திரும்பி வந்து வண்டியை நிறுத்திவிட்டு, இன்றைக்கு எடுக்க வேண்டாம் என்று பார்க்கிறேன் என்றான். ஒரு ஸ்பானரை ஐந்து நிமிசம் எடுத்திருந்தால். சரஸ்வதி என்ன, கண்ணைக் குத்தியிருப்பாளா? அய்யாத்துரை எடுக்க வேண்டாம் என்றுதான் சொன்னான். வேண்டாம் என்றுதான் சொன்னான். அதற்கு அப்புறம், அதற்கு அப்புறம் சாயங்காலம் பாலத்து இறக்கத்தில் முன்னால் போன டிராக்டர் நின்றது, அவன் பிரேக்கைப் பிடித்தான், கேபிள் அறுந்தது, இடது கால் மூன்று இடத்தில் முறிந்தது. நடுவில் ஒன்று இருக்கிறது. காலைக்கும் சாயங்காலத்துக்கும் நடுவில் வாசலில் நடந்த ஒன்று. அதன் பக்கத்தில் போகும்போதெல்லாம் அவளுடைய புத்தி சண்டி மாடு மாதிரி நின்றுவிடும், அல்லது திரும்பிப் பால்பாண்டியை முட்டப் போய்விடும். பால்பாண்டியை முட்டுவது சுலபம். ஐந்து நிமிச வேலை, செய்யாத பாவி. அவ்வளவுதான். அவ்வளவுதானா? கழுகுமலைக் கடைக்காரர் அன்றைக்கு மூன்று தடவை போன் செய்தார். பூஜைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க மிட்டாய் வேண்டும், நீங்க தரலேன்னா வேற கம்பெனிகிட்ட வாங்கிக்கிடுவேன் என்றார். போனை எடுத்துப் பேசியவள் அவள். வாசலுக்கு வந்து, வாழைக்கன்று கட்டிப் பொட்டு வைத்து நின்ற வண்டியின் டேங்கைத் தட்டி, "பூஜை போட்ட வண்டிதான, ஒண்ணும் ஆகாது, போயிட்டு வாங்க" என்றவள் அவள். அய்யாத்துரை ஒரு தடவை அவள் முகத்தைப் பார்த்தான். அப்புறம் வண்டியை எடுத்தான். இரண்டு வருசத்தில் அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருக்கலாம். ஒரு தட்டைத் தூக்கி எறிந்திருக்கலாம். யாரையும் குறை சொல்லாமல் குழந்தை மாதிரி உட்கார்ந்துகொண்டு பால்பாண்டி நல்ல பையன் என்று சொல்கிற புருசனை வைத்துக்கொண்டு ஒருத்தி எப்படிக் குடித்தனம் செய்வது? அவனும் ஒன்றும் சொல்லவில்லை, இவளும் ஒன்றும் சொல்லவில்லை, அந்தச் சொல் மட்டும் வாசலில் கோலம் போடுகிற இடத்தில் அப்படியே கிடக்கிறது, ஒவ்வொரு நாளும் காலையில் அதன் மேல்தான் தண்ணீர் தெளிக்கிறாள்.

போதும். அவள் தலையை உலுக்கிக்கொண்டாள். முன்னால் இருக்கிற திருட்டைப் பார். இந்தத் தேதியில் என்ன வேலை செய்ததாக எழுதியிருக்கிறான் அந்தப் புண்ணியவான்? புக்கை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். மற்ற எல்லாத் தேதிக்கும் ஆயில், செயின், பில்டர். இந்தத் தேதிக்கு மட்டும் வேறு. 'முன் பிரேக் கேபுல் புதுசு மாற்றம். பிரேக் டைட். ஓட்டிப் பார்த்தது. ஓகே.' கேபுல். முதலில் அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை, எழுத்துப் பிழை என்று மட்டும் கண் சொன்னது. பிறகு உறைத்தது. ஆஸ்பத்திரியில் நர்சம்மா ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தாள், கிழிந்த சட்டை, சாவி, பர்சு, நசுங்கின பொரிப் பொட்டலம், ஒரு துண்டுக் காகிதம். காகிதத்தில் 'பிரேக் கேபுல் - 1' என்று எழுதியிருந்தது. அதை அவள் கிழித்துப் போடவில்லை. பீரோவில் வைத்திருக்கிறாள், கோபம் ஆறிப்போகிற மாதிரி இருக்கிற நாட்களில் எடுத்துப் பார்ப்பாள். கே-க்குப் போடுகிற அந்தச் சுழி, வாலை இழுத்துவிட்ட அந்த லகரம். நாலு வருசச் சர்வீஸையும் இந்த நாற்காலியிலோ அந்த மேஜையிலோ உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதின நல்ல பையன் யார் என்று தெரிந்துவிட்டது. அதுதான் வாத்தியார் வண்டி என்றதும் தலையாட்டினான். அதுதான் சிரித்தான். ஒரு பக்கம் என் புருசன் காலை வாங்கிக்கொண்டு, இன்னொரு பக்கம் என் காலுக்கும் அச்சாரம் போட வந்திருக்கிறாயா? பாவி, பாவி என்று உதடு முணுமுணுத்தது. அண்ணாச்சி போனிலிருந்து நிமிர்ந்து, "என்ன தாயி, தண்ணி வேணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். எல்லாம் சரி, ஏன் இந்தத் தேதி? மூன்று மாதக் கணக்கில் ஜூலை பத்தொன்பதுக்கு அப்புறம் அக்டோபரில் எந்தத் தேதியையும் போட்டிருக்கலாம். இருபது போட்டிருக்கலாம், இருபத்தைந்து போட்டிருக்கலாம். எந்த மெக்கானிக்கும் தப்பித் தவறிக்கூட எழுதாத தேதியை ஒரு மெக்கானிக் ஏன் எழுதினான்? அந்தக் கேள்வி அவளுடைய கோபத்தின் குறுக்கே ஒரு கல் மாதிரி வந்து விழுந்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை. கோபம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

பால்பாண்டி வந்து வண்டியை நிறுத்தினான். ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

"எப்படி மாப்ள?" என்றார் அண்ணாச்சி.

"நல்லா இருக்குண்ணாச்சி. இஞ்சின் சத்தம் இல்ல." பிறகு அவள் பக்கம் திரும்பினான். "எடுத்துரலாம் மதினி. வாத்தியார் வண்டிதான்."

அவள் எழுந்தாள். புக்கை அந்தப் பக்கத்திலேயே பிரித்து அண்ணாச்சி மேஜையில் வைத்தாள்.

"அண்ணாச்சி, ரெண்டாயிரத்து இருபத்து மூணு அக்டோபர் இருபத்து மூணு என்ன நாளு?"

"அது என்ன, யாருக்குத் தாயி ஞாபகம் இருக்கும்?"

"ஆயுத பூஜை. உங்க வாத்தியாருக்கு அன்னைக்கு பிரேக் கேபிள் மாத்தியிருக்கு. எந்த ஒர்க்ஷாப்புல அன்னைக்கு ஆயுதத்தைத் தொட்டாங்க?"

அண்ணாச்சி சிரிக்கப் பார்த்தார். "எழுதுறவன் தேதி மாத்திப் போட்டிருப்பான். இதுக்கெல்லாம் போயி..."

"எழுதுனவரு இங்கதான நிக்காரு. அவர்ட்டயே கேப்போம்." அவள் பால்பாண்டியைப் பார்த்தாள். "பாண்டித் தம்பி, கேபுல்னு போட்டிருக்கு பாருங்க."

அவன் குனிந்து புக்கைப் பார்த்தான். ஒரு தடவை பார்த்து நிமிர்ந்தவன் மறுபடியும் குனிந்து பார்த்தான். தான் எழுதியதை அவனே இப்போதுதான் முதல் தடவையாகப் படிக்கிற மாதிரி இருந்தது. கைக்குட்டையைப் பாக்கெட்டில் வைக்கப் போன கை அப்படியே நின்றது.

"எப்ப எழுதுனீக?" என்றாள்.

"நாலு மாசம் இருக்கும் மதினி. அண்ணாச்சி பத்துப் பன்னெண்டு புக்கு குடுத்தாரு. எந்த வண்டி எதுன்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. தேதி போட்டு எழுதிக் குடுன்னாரு." அவன் குரல் இறங்கிப்போனது. "எல்லா மாசத்துக்கும் வாய்க்கு வந்த தேதியைப் போட்டுட்டேன். அந்த வருசத்து அக்டோபருக்கு மட்டும் வேற தேதி கைக்கு வரல மதினி."

அண்ணாச்சிக்குத் திடீரென்று கொட்டகையின் அந்தக் கோடியில் நின்ற வண்டியில் ஏதோ வேலை வந்துவிட்டது. எழுந்து போய்விட்டார்.

"அதனால எழுதிட்டீக. மாத்துனேன், டைட் பண்ணேன், ஓட்டிப் பாத்தேன், ஓகே. ஒரு குறையுமில்லாம எழுதிட்டீக" என்றாள் அவள். குரல் ஏறியது, ரோட்டில் போகிற ஒருத்தர் திரும்பிப் பார்த்தார், பார்க்கட்டும். "பேப்பர்ல மாட்டுன கேபிள் எவன் காலை நேராக்கும்?"

"என் தப்புதான் மதினி. அன்னைக்கு நான் தொட்டிருக்கணும்."

சொல்லிவிட்டான். இரண்டு வருசமாக எந்தச் சொல்லுக்காக அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாளோ, அவன் வாயிலிருந்து எந்தச் சொல்லைப் பிடுங்க வேண்டும் என்று காய்கறி நறுக்கும்போதும் துணி பிழியும்போதும் விதவிதமாகச் சண்டை போட்டுப் பார்த்தாளோ, அந்தச் சொல்லை ஒரு தகரக் கொட்டகைக்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டு ஓசியில் கொடுத்துவிட்டான். ஏதாவது இறங்கும் என்று காத்திருந்தாள். ஒன்றும் இறங்கவில்லை. அவன் தன் பங்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான், மிச்சம் இருந்தது அவளுடைய பங்கு, அது முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது, மறைத்துக்கொண்டு நிற்க இப்போது பால்பாண்டியும் இல்லை. இவன் மேல் கோபப்படுவதற்கு இனி என்ன இருக்கிறது என்று யோசித்து, இருந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த வண்டியில பிரேக் கேபிளைக் கழட்டிப் பாத்தீகளா?"

"கழட்டல மதினி. புடிச்சுப் பாத்தேன், நின்னுச்சு."

"பாக்காமத்தான் எடுத்துரலாம்னீகளா? உங்க வீட்டுக்காரி ஓட்டுற வண்டின்னா இப்பிடிச் சொல்லுவீகளா?"

அவன் வண்டி பக்கத்தில் குந்தினான். வாங்காத வண்டியைக் கழட்டக் கூடாது என்று கோடியிலிருந்து அண்ணாச்சி குரல் கொடுத்தார். கழட்டாத வண்டியை வாங்க மாட்டேன் என்று அவள் திருப்பிக் கொடுத்தாள். பால்பாண்டி பையிலிருந்து ஸ்பானரை எடுத்தான். கேபிளை உருவி அவள் முன்னால் நீட்டினான். அறுந்திருக்கும், இழை இழையாகப் பிய்ந்திருக்கும், அவன் முகத்தில் வீசி எறியலாம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கேபிள் அறுந்திருக்கவில்லை. கொஞ்சம் துரு, அவ்வளவுதான். இன்னும் ஆறு மாசம் வரும் மதினி என்றான். அவள் அவனையே பார்த்தாள். எழுந்து போய்ப் பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் புதுக் கேபிள் வாங்கி வந்து மாட்டினான். பின் சக்கரத்தையும் திறந்து பிரேக் கட்டையைக் காட்டினான், செயினைக் காட்டினான். அவள் ஒவ்வொரு நட்டையும் அவன் முறுக்குவதைப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தாள். ஐந்து நிமிச வேலைதான். கேபிள் மாட்டினபோது மணியும் பார்த்திருந்தாள். ஐந்து நிமிசம்கூட ஆகவில்லை. அது அவளுக்குத் தாங்கவில்லை.

"ஒரு ரவுண்டு பாத்துட்டு வந்துர்றேன்" என்று அவன் சாவியை எடுத்தான்.

"குடுங்க" என்றாள்.

"இல்ல மதினி, ரோட்டுல லாரி..."

"திங்கக்கெழமை நீங்களா வந்து ஓட்டுவீக? குடுங்க சாவியை."

துப்பட்டாவை இடுப்பில் சுற்றி முடிந்தாள், ஹெல்மெட்டை மாட்டினாள். முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆனது. ரோட்டில் ஏறி எட்டயபுரம் பக்கமாக விட்டாள். கியர் இரண்டு, மூன்று, நாலு. வெயில் எதிரே வந்தது. முப்பது, முப்பத்தைந்து, நாற்பது, வாத்தியார் தாண்டாத நாற்பதையும் தாண்டினாள். இப்போது பிடிக்க வேண்டும், பிடித்துப் பார்க்கத்தானே வந்தது, விரல்கள் பிரேக்கின் மேல் இருந்தன, மடங்கவில்லை. புதுக் கேபிள், கண்ணால் பார்த்த கேபிள், ஒன்றும் ஆகாது. ஒண்ணும் ஆகாது, போயிட்டு வாங்க. ஹெல்மெட்டுக்குள் தன் குரலே அவ்வளவு தெளிவாகக் கேட்டது, டேங்கைத் தட்டின சத்தத்தோடு கேட்டது. அய்யாத்துரை முகத்தைப் பார்த்தானே, அந்த ஒரு பார்வை, அப்போதே இல்லை வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கலாமே, என்ன அவசரம், யாருக்கு மிட்டாய், எவன் தின்ன மிட்டாய்க்காக. அவள் பிடித்தாள். இருந்த கோபம் முழுவதையும் வலது கை நாலு விரலில் வைத்துப் பிடித்தாள். வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு, பின்பக்கம் ஒரு துள்ளு துள்ளி, நடு ரோட்டில் நின்று அணைந்துபோனது.

பின்னால் வந்த மினி லாரி கிறீச்சென்று அவளுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினான். "ஏம்மா, அறிவிருக்கா? சாவுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா? உன்னையெல்லாம் யாரு வண்டி ஓட்டச் சொன்னது?"

அவள் ஹெல்மெட்டைத் தூக்கினாள். பதிலுக்குத் திட்டத்தான் வாயைத் திறந்தாள். திட்டுவதற்குத் தோதான ஆள், நல்ல கெட்ட வார்த்தைகள் அவளுக்கும் தெரியும். ஆனால் வந்தது வேறு.

"நான்தான்யா போகச் சொன்னேன்" என்று கத்தினாள். "அவரு வேண்டாம்னுதான் சொன்னாரு. நான்தான் போகச் சொன்னேன்."

டிரைவரின் கோபம் பாதியில் நின்றுவிட்டது. அவளையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தான். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது.

"எங்கம்மா போகச் சொன்ன?"

"கழுகுமலைக்கு."

"கழுகுமலைக்கு இது ரோடு இல்லியேம்மா" என்றான் அவன், ஊருக்குப் புதுசு என்று நினைத்துக்கொண்டு, இரக்கமாக. கையை வெளியே நீட்டி, அவள் வந்த பக்கமாகவே திருப்பிக் காட்டினான். "நீ திரும்பில்ல போகணும்."

அவள் தலையை ஆட்டினாள். அழுகிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. லாரி அவளைச் சுற்றிக்கொண்டு போனது, பஸ்ஸும் போனது. பிரேக்கைப் பிடித்த கை இன்னும் விடவில்லை.